தண்டவாளத்தைத் தாமே அமைக்கும் பயணிகள்: உயிரணுவுக்குள் இயக்கப் புரதங்களின் பணி

பேராக் மாநிலத்தின் தோட்டக் குடியிருப்புகளில் வளர்ந்தோர்க்கு நித்தியகல்யாணிச் செடியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. லயத்து வீட்டு வாசலிலும் கோயில் சுற்றிலும் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் ஆண்டு முழுவதும் பூத்திருக்கும் செடி அது. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தோர் சிலர் அதனைத் தொட்டியில் வைத்து உடன் கொண்டு வந்தனர். அதன் இலையையும் பூவையும் கொதிக்க வைத்துக் குடித்தால் இனிப்பு நீர் தணியும் என்னும் நம்பிக்கையும் அவர்களோடு வந்தது. மலாய்க்காரர் ‘கெமுந்திங் சீனா’ என்றழைக்கும் அதே செடியிலிருந்துதான் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றளவும் தரப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து கிடைக்கிறது.

வாசலில் பூக்கும் ஒரு செடி புற்றுநோயை எவ்வாறு தடுக்கிறது? அம்மருந்தை ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் சிலர்க்குக் கால்விரல்கள் ஏன் மரத்துப் போகின்றன? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. அவ்விடையைக் காண நாம் உயிரணுவுக்குள் சென்று, அங்கு நடக்கும் ஒரு போக்குவரத்தைப் பார்க்க வேண்டும்.

நுண்குழல் என்னும் பாதை

உயிரணுவைப் பாடநூற்படங்களில் பார்க்கும் மாணவர்கள் அதனை நீர் நிரம்பிய பை என்றும், அதனுள் உட்கருவும் பிற உறுப்புகளும் மிதக்கின்றன என்றும் எண்ணிக்கொள்வதுண்டு. உண்மை அதுவன்று. உயிரணுவுக்குள் உறுதியான சட்டகம் ஒன்று உண்டு. அச்சட்டகத்தின் முதன்மையான கூறுகளுள் ஒன்று நுண்குழல்.

நுண்குழலின் வெளி விட்டம் ஏறத்தாழ 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் 40,000 நுண்குழல்களை அருகருகே அடுக்கலாம். டியூபுலின் என்னும் புரதமே அதன் செங்கல். ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு வகை டியூபுலின்கள் இணைந்து ஓர் இணையாகி, அவ்விணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நீண்ட சரமாகின்றன. பெரும்பாலும் 13 சரங்கள் வட்டமாகச் சேர்ந்து ஒரு குழலாகின்றன.

இக்குழலின் இரண்டு பண்புகளை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, அதற்குத் திசை உண்டு. எல்லா இணைகளும் ஒரே பக்கம் நோக்கி அமைவதால் இரு முனைகளும் ஒன்றுபோல் இரா. விரைந்து வளரும் முனையைக் கூட்டல் முனை என்றும், மற்றதைக் கழித்தல் முனை என்றும் வழங்குகிறோம். இரண்டாவது, அது நிலையற்றது. வளர்ந்துகொண்டே செல்லும் குழல் திடீரெனக் குலைந்து சுருங்கும், மீண்டும் வளரும். இவ்வியல்பை 1984ஆம் ஆண்டில் டிமதி மிட்சிசன், மார்க் கிர்ஷ்னர் ஆகிய இருவரும் விளக்கிக் காட்டினர்.

நடக்கும் புரதங்கள்

மலாயாவின் முதல் இருப்புப்பாதை நம் பேராக்கில்தான் போடப்பட்டது. தைப்பிங்கிலிருந்து, இன்று கோல செப்பெத்தாங் என வழங்கும் போர்ட் வெல்ட் துறைமுகம் வரை சென்ற அப்பாதை 1885ஆம் ஆண்டு சூன் முதல் நாள் திறக்கப்பட்டது. சரியாக நூறாண்டுகள் கழித்து, 1985ஆம் ஆண்டில், உயிரணுவின் இருப்புப்பாதையில் ஓடும் வண்டி எது என்பது அறியப்பட்டது. ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர், நாம் சோத்தோங் என்றழைக்கும் கணவாயின் தடித்த நரம்பிழையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அசைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கினேசின் எனப் பெயரிட்டனர்.

கினேசினுக்குக் கால்போன்ற இரு பகுதிகள் உண்டு. அறிவியலார் அவற்றைத் தலைகள் என்பர். ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு ஒன்றைச் செலவழிக்கும்போது, பின்னால் இருக்கும் தலை முன்னால் வந்து ஊன்றும். புரதம் 8 நானோமீட்டர் முன்னேறும். ஒரு டியூபுலின் இணையின் நீளமும் அதுவே. ஆகவே கினேசின் ஒவ்வொரு செங்கல்லாக மிதித்து நடக்கிறது எனலாம். சுமையை முதுகில் கட்டிக்கொண்டு, விடுபடுமுன் ஏறத்தாழ நூறு அடிகள் நடக்கும். பெரும்பாலான கினேசின்கள் கூட்டல் முனையை நோக்கிச் செல்வன.

எதிர்த்திசையில், அதாவது கழித்தல் முனையை நோக்கிச் செல்வது டைனீன். இப்பெயரை 1965ஆம் ஆண்டில் அயன் கிப்பன்ஸ் இட்டார். உருவில் கினேசினைவிட மிகப் பெரிதாயினும் பாலூட்டிகளின் டைனீன் தனித்து இழுக்கும்போது வலுக்குன்றியது. ஆனால் கூட்டமாகச் சேரும்போது அதன் வலிமை வேறு. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ரூப் மாலிக் தலைமையில் இயங்கிய குழு 2013ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக்கியது. சுமை கூடும்போது முன்னே செல்லும் டைனீன் தன் அடியைக் குறுக்கிக்கொள்கிறது. பின்னே வருபவை நெருங்கி வந்து சேர்கின்றன. எல்லாம் ஒருங்கே சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. தைப்பூசத் தேரின் வடத்தைப் பிடித்தோர்க்கு இது புதிதன்று. முன்னால் நிற்பவர் தம் போக்கில் ஓடினால் தேர் நகராது.

உவமை முறியும் இடம்

இதுவரை இருப்புப்பாதை உவமை நமக்குத் துணை செய்தது. இனி அது போதாது. தைப்பிங் பாதையைத் தொழிலாளர் முதலில் போட்டு முடித்தனர். பின்னரே வண்டி ஓடியது. உயிரணுவிலோ, ஓடும் வண்டியே தண்டவாளத்தை இழுத்துத் திருப்பி, ஒன்று சேர்த்து, விலக்கி வைக்கிறது. சுமை தூக்கும் புரதங்களே பாதையின் அமைப்பையும் ஆக்குகின்றன. இந்த உண்மை விளங்கச் சற்றுக் காலம் பிடித்தது.

விலங்குகளின் உயிரணுக்களில் உட்கருவை ஒட்டி மையவுடலம் என்னும் சிற்றுறுப்பு உண்டு. பாடநூல்கள் இதனைச் சென்ட்ரோசோம் என்று குறிக்கின்றன. 1888ஆம் ஆண்டில் செருமானிய அறிவியலார் தியோடார் பொவேரி இட்ட பெயர் அது. அதன் நடுவில் சென்ட்ரியோல் எனப்படும் உருளைகள் இரண்டு. அவற்றைச் சுற்றிப் புரதங்கள் செறிந்த சுற்றுப்பொருள். அச்சுற்றுப்பொருளில் உள்ள காமா டியூபுலின் வளையங்களிலிருந்து நுண்குழல்கள் முளைக்கின்றன. கழித்தல் முனைகள் மையத்திலும் கூட்டல் முனைகள் வெளியிலுமாக, விண்மீனின் கதிர்கள்போல் அவை விரிகின்றன.

இப்படத்தைப் பார்ப்போர்க்கு இயல்பாக ஒரு முடிவு தோன்றும். தோட்டத்தில் துரையின் அலுவலகம் இருந்தது. கட்டளை அங்கிருந்து கிராணிக்கும், கிராணியிடமிருந்து கங்காணிக்கும், பிறகு தொழிலாளிக்கும் சென்றது. உயிரணுவிலும் மையவுடலமே ஆணையிடும் அலுவலகம். ஏனைய யாவும் அதற்குக் கீழ்ப்படிவன. அறிவியலாரும் நெடுங்காலம் ஏறத்தாழ இவ்வாறே எண்ணினர்.

அவ்வெண்ணத்தை மாற்றிய சான்றுகள் மூன்றினை இங்குக் கூறுவோம்.

முதற் சான்று நம் கண்முன் நிற்கும் பால்மரம். 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட மரங்களுள் ஒன்று இன்றும் அங்குப் பாதுகாக்கப்படுகிறது. அம்மரத்தின் உயிரணுக்களிலும், பூக்கும் தாவரங்கள் எதனிலும், மையவுடலம் இல்லை. ஆயினும் மரம் சீவியவர் அறிவர்: கத்தி ஆழமாகப் பட்டுக் கேம்பியம் என்னும் வளர்படை காயப்படாத வரை, சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும். வளர்படை உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதாலேயே அது வளர்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் பால்மரத்தின் 36 குரோமோசோம்களும் இரட்டித்துப் பிழையின்றிப் பங்கிடப்படுகின்றன. அலுவலகமே இல்லாத தோட்டத்தில் வேலை ஒழுங்காக நடக்கிறது.

இரண்டாஞ் சான்று 1996ஆம் ஆண்டினது. ரெபெக்கா ஹீல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் தவளை முட்டையின் சாற்றில் டி.என்.ஏ. பூசிய நுண்மணிகளை இட்டனர். அங்கு மையவுடலம் இல்லை. ஆயினும் மணிகளைச் சுற்றி நுண்குழல்கள் முளைத்து, தாமே வரிசையாகி, இரு துருவங்கள் கொண்ட அமைப்பாக உருவெடுத்தன.

மூன்றாஞ் சான்று அதற்கடுத்த ஆண்டில் வந்தது. பிரான்சுவா நெடலெக் குழுவினர் உயிரணுவையே விட்டுவிட்டு, தூய டியூபுலினையும், ஒரே நேரத்தில் பல குழல்களைப் பற்றிக்கொள்ளுமாறு இணைத்த கினேசின்களையும் மட்டும் கலந்தனர், ஏ.டி.பி. சேர்த்தனர். சிதறிக் கிடந்த குழல்கள் விண்மீன் வடிவங்களாகவும் சுழல்களாகவும் தம்மை ஒழுங்கு செய்துகொண்டன. கட்டளையிட எவரும் இல்லாமலே ஒழுங்கு பிறந்தது.

ஒழுங்கு எவ்வாறு பிறக்கிறது?

இவ்வியப்பின் அடியில் இருப்பது எளிய இயந்திரவியல். ஒரு புரதம் ஒரே நேரத்தில் இரு குழல்களைப் பற்றிக்கொண்டு, இரண்டின் முனையையும் நோக்கி நடக்கிறது எனக் கொள்வோம். முனையை அடைந்ததும் விடாமல் பிடித்திருந்தால், அவ்விரு முனைகளும் ஓரிடத்தில் சேரும். மூன்றாவது குழலும் நான்காவதும் அவ்வாறே வந்து சேரும். சிதறிய ஈர்க்குகளை அடிப்பக்கம் சேர்த்துக் கட்டினால் விளக்குமாறு ஆவதுபோல், குழல்களின் ஒரு பக்க முனைகள் குவிந்து விண்மீன் வடிவம் உண்டாகும். விலங்கின் உயிரணுவில் டைனீன் இப்பணியைச் செய்து கழித்தல் முனைகளைக் குவிக்கிறது. உயர் தாவரங்களில் டைனீன் இல்லை. அங்குக் கழித்தல் முனை நோக்கி நடக்கும் தனிவகைக் கினேசின்கள் அதன் இடத்தை நிரப்புகின்றன.

குவிப்பது ஒரு பணி, விலக்குவது மற்றொன்று. உயிரணு பிரியும்போது, நூல் நூற்கும் கதிரைப்போல நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கிய கதிர் என்னும் அமைப்பு தோன்றுகிறது. அதன் இரு துருவங்களும் விலகி நிற்க வேண்டும். கினேசின்-5 என்னும் புரதம் அதற்கு உதவுகிறது. அதற்கு நான்கு தலைகள், பக்கத்திற்கு இரண்டு. எதிரெதிர்த் துருவங்களிலிருந்து வந்து நடுவில் ஒன்றையொன்று தழுவும் இரு குழல்களை அது பற்றிக்கொண்டு, இரண்டிலும் கூட்டல் முனையை நோக்கி நடக்க முயல்கிறது. ஆற்றில் மிதக்கும் மரக்கட்டையின்மேல் நாம் முன்னே நடந்தால் கட்டை பின்னே நகரும். அவ்வாறே இரு குழல்களும் தத்தம் துருவத்தின் பக்கம் தள்ளப்படுகின்றன, துருவங்கள் விலகுகின்றன.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்து காட்டலாம். இரு நீண்ட அளவுகோல்களில் அம்புக்குறி வரைந்து, அம்புகள் எதிரெதிராக நோக்குமாறு மேசைமேல் அருகருகே வையுங்கள். இரு விரல்களை நடுவில் ஊன்றி, ஒவ்வொரு விரலையும் அதனதன் அளவுகோலின் அம்புத் திசையில் நடத்த முயலுங்கள். ஆனால் கையை நகர்த்தாதீர்கள். அளவுகோல்கள் பிரிந்து செல்லும்.

கினேசின்-5 வேலை செய்யாவிடில் என்ன ஆகும்? மோனஸ்ட்ரோல் என்னும் சிறு மூலக்கூறு அதனைத் தடுக்கிறது என 1999ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அவ்வாறு தடுக்கப்பட்ட உயிரணுவில் இரு மையவுடலங்களும் பிரியாமல் நடுவிலேயே நின்றன, ஒற்றைத் துருவக் கதிரைச் சுற்றிக் குரோமோசோம்கள் வட்டமிட்டன, பிரிவு நின்றது.

தள்ளும் கையும் இழுக்கும் கையும் ஒன்றையொன்று சமன் செய்வதாலேயே கதிர் நிலைபெறுகிறது. உயிரணுவின் உட்சுவரில் பதிந்த டைனீன்கள் குழல்களைப் பற்றி இழுத்து, கதிரை உரிய இடத்தில் நிறுத்துகின்றன. மையவுடலத்தின் சுற்றுப்பொருளுக்கு வேண்டிய புரதங்கள் சிலவற்றையும் டைனீனே நுண்குழல் வழியாகச் சுமந்து வந்து சேர்க்கிறது. அலுவலகத்தைக் கட்டும் கல்லையும் மண்ணையும் சுமந்தவர் தொழிலாளரே என்பதை இங்கும் காண்கிறோம்.

அப்படியாயின் மையவுடலம் வேண்டாத உறுப்போ? அன்று. 2006ஆம் ஆண்டில் சென்ட்ரியோல் இல்லாத பழ ஈக்களை ஆய்வாளர் உருவாக்கினர். அவை வளர்ந்து முழு ஈக்களாயின. எனினும் உணர்வு நரம்புகளுக்கு வேண்டிய நுண்மயிர்கள் அமையாமையால் விரைவில் மடிந்தன. மையவுடலம் பணியை விரைவாகவும் செம்மையாகவும் ஆக்குகிறது. வேறு பணிகளும் அதற்கு உண்டு. ஆனால் ஒழுங்கின் ஒரே ஊற்று அதுவன்று.

மலர்களின் நஞ்சு

இனி நம் முதல் வினாக்களுக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். அதன் விதைக்காக அங்கு உழவர் அதனைப் பயிரிடுகின்றனர். விதையிலும் கிழங்கிலும் கொல்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. அது டியூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழல் வளராமல் தடுக்கிறது. கொல்சிசின் பற்றுவது எதனை என்று தேடிச் சென்றே 1967ஆம் ஆண்டில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் டியூபுலினை அடையாளம் கண்டனர்.

இந்நஞ்சு மனிதனைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மையையும் காட்டித் தந்தது. மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் உள்ளன என்றே பல்லாண்டுகள் கற்பித்து வந்தனர். நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் சாவகத்தில் பிறந்த ஜோ ஹின் ட்ஜியோ, சுவீடனில் ஆல்பர்ட் லெவனுடன் பணியாற்றுகையில், கொல்சிசினால் பிரிவை நடுவழியில் நிறுத்தி, குரோமோசோம்களைத் தெளிவாகப் பரப்பி எண்ணினார். எண்ணிக்கை 46. இம்முடிவு 1956ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

நித்தியகல்யாணியின் கதையும் இதை ஒத்தது. இனிப்பு நீருக்கு அது மருந்து என்னும் நம்பிக்கை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று, சமேக்காவிலும் இருந்தது. அங்கிருந்து வந்த இலைகளைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் ஆராய்ந்தனர். எலிகளின் இரத்தச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அவ்வியப்பைத் தொடர்ந்து சென்று 1958ஆம் ஆண்டில் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தனர். அதன் உடன்பிறப்பே வின்கிரிஸ்டின். இவை டியூபுலினைப் பற்றுவதால் நுண்குழல் உரியவாறு வளர்வதும் சுருங்குவதும் கெடுகின்றன. பாதை கெட்டால் எந்த இயக்கப் புரதம் என்ன செய்யும்? கதிர் அமையாது, விரைந்து பிரியும் புற்றணு நடுவழியில் நின்று மடியும்.

ஆனால் நுண்குழல் புற்றணுவுக்கு மட்டும் உரியதன்று. முதுகுத் தண்டின் அடிப்பகுதியிலிருந்து கால்விரல் வரை செல்லும் நரம்பணுவின் இழை, வளர்ந்தவரிடம் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. விரல்நுனியில் வேண்டிய பொருள்கள் பலவும் அணுவின் உடலில் செய்யப்பட்டு அங்கிருந்து அனுப்பப்பட வேண்டும். கினேசின்கள் அவற்றை நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் வரை கொண்டு செல்கின்றன. டைனீன்கள் திரும்பும் சுமையைக் கொணர்கின்றன. மருந்து அப்பாதையையும் தாக்குகிறது. மிக நீண்ட பாதையே முதலில் துன்புறும். ஆகவேதான் கைகால் நுனிகள் மரத்துப்போவதும், கூச்செறிவதும், நடக்கையில் பாதம் தொய்வதும் நேர்கின்றன.

இங்கு ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. இம்மருந்தைப் பெற்று வகுப்புக்குத் திரும்பிய பிள்ளை ஒருவன் எழுதுகோலைப் பிடிக்கத் தடுமாறினாலோ ஓடும்போது கால் இடறினாலோ, அது சோம்பலன்று. மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டிய செய்தி. மருத்துவர் மருந்தின் அளவை ஆராய்ந்து முடிவு செய்வார். நாமே நிறுத்திவிடக் கூடாது. அவ்வாறே வாசலில் உள்ள செடியைக் கைவைத்தியமாகக் காய்ச்சிக் குடிப்பதும் தகாது. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. குவளையில் கொதிக்கும் இலையில் அவ்வளவை எவராலும் அறிய இயலாது. செங்காந்தட் கிழங்கோ உயிரையே பறிக்கும்.

சொல்லும் பொருளும்

நாம் இங்கு ஆண்ட சொற்களைப் பற்றியும் ஒரு குறிப்பு. ‘நுண்குழாய்’ என்பது இரத்தத் தந்துகிக்கும் வழங்குவதால், குழப்பம் நேராதிருக்க ‘நுண்குழல்’ என்றோம். கினேசின், டைனீன் ஆகிய பெயர்களை ஒலிபெயர்த்தே எழுதினோம். உலகெங்கும் ஒரே பெயரால் அறியப்படும் பொருளுக்குப் புதுப்பெயர் தேடுவது மாணவர்க்குச் சுமையாகும். ஆனால் அவற்றின் செயலைச் சொல்ல நமக்கு வேற்றுச் சொல் வேண்டியிருக்கவில்லை. நடத்தல், பற்றுதல், இழுத்தல், தள்ளுதல், குவித்தல் என்னும் அன்றாடத் தமிழ் வினைகளே போதுமானவையாக இருந்தன. அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்று தயங்கும் ஆசிரியர்கள், பெயர்ச்சொற்களில் தொடங்காமல் வினைச்சொற்களில் தொடங்கிப் பார்க்கலாம்.

தோட்டங்கள் பல இன்று இல்லை. பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. ஆனால் நித்தியகல்யாணி இன்னும் பல வாசல்களில் பூக்கிறது. அடுத்த முறை அதனைக் காணும் மாணவர், அதன் இலையில் நஞ்சும் மருந்தும் ஒன்றாக இருப்பதையும், அதனுள் ஒவ்வோர் உயிரணுவும் மையவுடலம் இன்றியே தன்னை ஒழுங்காகப் பகுத்துக்கொள்வதையும் நினைத்துப் பார்ப்பாராயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.